தெங்கேரா பட்டறையில் வார்த்த தொப்பி வில்லைகள்

செத்துப்போன வெள்ளைக்காரச் சிப்பாய்களின் தொப்பி வில்லைகளுக்கு நகல் வார்த்துக் கொடுத்துச் சோறு தின்கிற வீடு, மலாக்காவில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டை முடிந்து தோட்டங்களுக்கு வந்த துரைமார் சிலருக்குப் பட்டாள வில்லைகளைச் சேர்க்கிற பித்து. கிடைக்காததை இன்னொரு துரையிடம் இரவல் வாங்கி வருவார்கள். தெங்கேராத் தெருவில் எங்கள் பட்டறையில் மணலில் அச்செடுத்து, என் வீட்டுக்காரர் பித்தளையில் வார்ப்பார். யாரும் அதை அசல் என்று சொல்லிவிடக் கூடாதே என்று நகலின் முதுகில் ஒரு புள்ளி குத்துவார். கான்வெண்டில் படித்த குற்றத்துக்கு, அந்தப் படையின் சரித்திரத்தை இங்கிலீஷில் ஒரு சீட்டில் எழுதி வில்லையோடு வைப்பது என் வேலை. புருஷனின் பித்தோடு குடித்தனம் நடத்தும் சகோதரிகளே, உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

சுருங்கின ஆள்

செலண்டார் தோட்டத்துத் துரை நகலை அசலோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். பித்தளை ஆறும்போது சுருங்கும். நகல் எப்போதும் ஒரு நூல் சிறிதாகத்தான் இருக்கும். “ரெண்டு ஆளும் ஒண்ணுதான். உன் ஆளு மட்டும் சாப்பாடு பத்தாமே சுருங்கிப்போச்சு” என்றார் தோட்டத்துத் தமிழில். சிரித்தோம்.

துரை இங்கே வாலண்டியர் படையிலும் அதிகாரி. கிளம்பும்போது என் வீட்டுக்காரரின் தோளைத் தட்டினார். “வில்லை செஞ்சது போதும். ஞாயித்துக்கிழமை பாடாங் மைதானத்துக்குக் கவாத்துக்கு வா. தலையிலே மாட்டிக்கிற ஆளா ஆவு.”

சிங்கம் போதும்

அன்றைக்குப் பிடித்த பயம் என்னை விடவில்லை. சீனாவில் சண்டை என்று பேப்பரில் வருகிறது. அது இங்கே வராது என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? இவர் போய்விட்டால், இடுப்பை விட்டு இறங்காத பாப்பாவோடு நான் எங்கே நிற்பேன்? “சேர மாட்டேன்னு சொல்லுங்க” என்று கேட்பேன். துருத்தியை இன்னும் பலமாக ஊதுவார்.

அந்த நேரத்தில் ஜாசின் பக்கத்திலிருந்து ஒரு கங்காணி வந்தார். தலைப்பாகையில் குத்திக்கொள்ள சிங்கம் போட்ட வில்லை வேண்டுமாம். சீட்டைப் படித்துக் காட்டினேன்: அந்தப் படையில் பாதிப்பேர் ஒரே சண்டையில் போய்விட்டார்கள். இதைக் கேட்டாவது என் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்ப்பாரா என்று என் கண் அவர்மேல்தான் இருந்தது. கங்காணி சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். “செத்தவங்க சமாச்சாரம் நமக்கு எதுக்கு லா, தங்கச்சி? சிங்கம் போதும். பார்த்த ஒடனே ஆளுங்க எழுந்து நிக்கணும்.”

சரித்திரம் எழுதினேன்

பிறகு ஒரு யோசனை செய்தேன். துரை இரவல் கொடுத்த புத்தகத்தில் வெற்றியெல்லாம் விட்டுவிட்டு, சாவை மட்டும் பொறுக்கி எடுத்து எழுதினேன். சேற்றில் செத்தவர்கள், காய்ச்சலில் செத்தவர்கள், தங்கள் பக்கத்துக் குண்டு பட்டே செத்தவர்கள். ஒவ்வொரு சீட்டையும் இவருக்குத் தமிழில் சொன்ன பிறகே வில்லையோடு வைத்தேன். ராத்திரியில் கன்னியாஸ்திரிகள் பேய்க்கதை சொல்லி எங்களை அடக்குவார்களே, அந்த நம்பிக்கைதான்.

அவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். முகத்தில் பயம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒருநாள் வில்லையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “இத்தனை பேர் போயும் அந்தப் படைக்குப் பேர் இருக்கு பாரு, கமலா. இந்தத் தெருவில நாம செத்தா யார் சீட்டு எழுதுவாங்க?”

மேம் கேட்ட நகல்

ஒரு வெள்ளைக்கார மேம் கைக்குட்டையில் சுற்றி அசல் வில்லை ஒன்று கொண்டுவந்தார். சண்டையில் செத்த தம்பியுடையது. நகல் ஒன்று செய்து கொடுத்தால் உடுப்பில் குத்திக்கொள்ளலாம் என்றார். “அசலே கையில் இருக்கிறதே, அதையே குத்திக்கொள்ளலாமே” என்று இங்கிலீஷில் கேட்டுவிட்டேன்.

மேம் என் பாப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டார். “அதைத் தொடும்போதெல்லாம் தபால்காரன் வந்த காலைப்பொழுது ஞாபகம் வருகிறது. அசல் வீட்டுக்கு வந்தது, அம்மா. அவன் வரவில்லை.”

பாப்பா பிடுங்கினது

போன ஞாயிற்றுக்கிழமை பசாருக்குப் போவதாகச் சொன்னவர், காக்கித் தொப்பியோடு வந்து நின்றார். தூக்கின உடனே பாப்பா தொப்பியைப் பிடுங்கி, வில்லையை வாயில் வைத்துக்கொண்டாள். விளையாட்டுக்குப் போட்டு வந்திருக்கிறார், நாம் வார்த்ததுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். எச்சிலைத் துடைத்துவிட்டுத் திருப்பினேன். முதுகில் புள்ளி இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தடவித் தடவிப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது.

அவர் மெதுவாக அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “தேடாதே, கமலா. அது நாம வார்த்தது இல்லை.”

எங்கள் தொழிலில் அசல் ஒன்று கைக்கு வந்தால் திருப்பிக் கொடுக்கும் முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வோம். கட்டின மனுஷனுக்கு மட்டும் அந்த வசதி இல்லை.