பல் டாக்டர் வேண்டாமென்ற நிறம்

துக்க வீட்டில் இறந்தவரின் மனைவி விசும்பிக்கொண்டிருந்தபோது துக்கம் கேட்க வந்திருந்த அவர் தலை குனிந்தபடி பக்கத்துச் சுவரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். சுரண்டிய துகளை விரல் நுனியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். "ப்ரைமரே அடிக்கல. மேலாப்புல பூசி ஏமாத்தியிருக்கான்" என்று தன் மனைவியின் காதில் சொன்னார். அவள் அவர் தொடையில் கிள்ளினாள். இறந்தது அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன். இறந்தவரின் முகம் எப்படி இருந்தது என்று திரும்பும் வழியில் யாராவது கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. சுவர் என்ன நிறம் என்று கேட்டால் தெரியும். பிஸ்கட் நிறம், அதில் கறுப்பு அரைத் துளி கூடுதல்.

பெயின்ட் கடையில் வண்ணம் கலப்பது அவர் வேலை. கடையின் முன்பக்கம் கணினியோடு சேர்ந்த புது இயந்திரம் இருக்கிறது. எண்ணைத் தட்டினால் அதுவே அளந்து ஊற்றிவிடும். எண் தெரியாமல் வருகிறவர்களைப் பின்கட்டுக்கு அனுப்புவார்கள். உடைந்த தரை ஓடு, தலையணை உறை, கார்க் கதவிலிருந்து பெயர்ந்த சில்லு என்று எதையாவது கையில் பிடித்துக்கொண்டு "இதே மாதிரி வேணும்" என்பார்கள். பன்னிரண்டு குழாய்களை வட்டமாகப் பொருத்திய பழைய கை இயந்திரத்தின் முன்னால் பதினாறு வருடங்களாக அவர் உட்கார்ந்திருக்கிறார். கொண்டுவந்த பொருளை ஒரு தடவை பார்ப்பார். இரண்டாம் தடவை பார்ப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். வெள்ளை டப்பாவைக் குழாய்க்கு அடியில் தள்ளிப் பிடியை அழுத்துவார். கலக்குவார். "இன்னும் ஒரு துளி" என்று தனக்கே சொல்லிக்கொள்வார். கடையில் அவருக்குப் பெயரே துளி அண்ணன். முதலாளிக்கு மட்டும் "யோவ் துளி."

வாடிக்கையாளர்கள் மீது அவருக்குக் காலணா மதிப்புக் கிடையாது. "மேகக் கலர் வேணுமாம். எந்த மேகம்னு கேட்டா பேந்தப் பேந்த முழிக்கிறான்" என்பார். கணவனும் மனைவியும் சேர்ந்து வந்து அவர் மேஜையில் சண்டை பிடித்தால் கைகட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். "இது கலர் சண்டையே இல்ல. வேற எங்கயோ ஆரம்பிச்சு எங்கிட்ட வந்து நிக்குது." இதை அவர்கள் காதில் விழும்படியே சொல்வார். ஆனால் வேலையில் அவரிடம் கள்ளம் கிடையாது. முக்கால் துளி போதுமென்றால் முக்கால் துளிதான் விழும்.

கலந்து முடித்த பிறகு வேண்டாமென்று விட்டுப்போகும் டப்பாக்கள் பின்கட்டு அலமாரியில் சேரும். ஒருவருக்கென்று கலந்ததை இன்னொருவர் தலையில் கட்ட முடியாது. முதலாளி அவற்றை அவரையே எடுத்துக்கொண்டுபோகச் சொல்லிவிட்டார். அவர் வீட்டின் அலங்காரம் அப்படித்தான் தொடங்கியது.

மூன்றாவது மாடியில் கூடமும் ஒரு படுக்கையறையும் அடுக்களையும் கொண்ட வீடு. அவர் குடியிருந்த ஆறாவது வாடகை வீடு. ஆணி அடிக்கக் கூடாது, வண்ணம் பூசிக்கொள்ளலாம், காலிசெய்யும்போது பழையபடி வெள்ளையாக்கித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. முந்தைய ஐந்து வீடுகளிலும் இதே பேச்சுதான். ஒவ்வொன்றிலும் வந்த முதல் வாரம் வண்ணம் பூசியிருக்கிறார், போகும் வாரம் வெள்ளை அடித்திருக்கிறார்.

அடுக்களையில் ஓர் எழுத்தர் வேண்டாமென்ற மஞ்சள். படுக்கையறையில் யாரோ பிள்ளைகளின் அறைக்குக் கேட்டு, பிறகு மாமியார் முகம் சுளித்ததால் திருப்பிவிட்ட பச்சை. குளியலறைக் கதவில் ஒரு படகுக்காரர் மறுத்த நீலம். யார் வேண்டாமென்றார்கள், என்ன சொல்லி வேண்டாமென்றார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். விருந்தாளி வந்தால் சுவர்களை ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்துவார். "இவங்க மாமியாருக்குப் பிடிக்காதவங்க."

அவர் மனைவி துணி ஆலையில் குறை பார்க்கும் வேலையில் இருந்தாள். தைத்து முடித்த சட்டையில் தையல் விட்ட இடம், கறை பட்ட இடம் கண்டால் சிவப்பு அம்புக்குறி ஒட்டித் தள்ளிவிட வேண்டும். "நாள் பூரா அங்க குறை பாக்குறேன். வீட்டுக்கு வந்தா சுவரே குறையா நிக்குது" என்பாள். மஞ்சளுக்கு அவள் வைத்த பெயர் காமாலை. "ஊரே கழிச்சுக் கட்டினதுக்கு நடுவுல குடித்தனம் பண்றேன். என்னையும் இப்படித்தான் தூக்கிட்டு வந்தீங்களா?"

"உன்னை யாரும் வேணாம்னு சொல்லல. கேக்கத்தான் ஆள் இல்ல."

"பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல."

அவர் பூசிய இடத்தில் சாயம் வழிந்திருந்தால் ஆலையிலிருந்து கொண்டுவந்த அம்புக்குறியை ஒட்டிவைப்பாள். காலையில் அதைப் பார்த்துவிட்டு உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்வார். இந்த விஷயத்தில் மட்டும் இருவரும் வாய்ப்பேச்சில்லாமல் வேலை செய்தார்கள்.

கூடத்தின் நீளச் சுவர் தனி. அது பல் டாக்டரம்மாவுடையது. காத்திருக்கும் அறைக்குத் தேன் நிறம் கேட்டிருந்தார். அன்று துளி அண்ணனின் கை பிடியில் இருந்தபோது முதலாளி முன்பக்கத்திலிருந்து எதற்கோ கத்தினார். கை ஒரு நொடி அதிகமாக அழுத்திவிட்டது. காவிச் சிவப்பு இறங்கியது. அதைச் சமன்செய்ய ஒன்று, அந்த ஒன்றைச் சமன்செய்ய இன்னொன்று என்று என்னென்னவோ விட்டார். எதையும் குறித்துவைக்கவில்லை. வந்தது தேனும் அல்ல, செங்கலும் அல்ல. காலையில் ஒரு நிறமாகவும் வெயில் சாயும்போது வேறொன்றாகவும் தெரியும். பல் டாக்டரம்மா டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு, "பல்லு பிடுங்குற இடத்துல இந்தக் கலரா? வர்றவன் வாசல்லயே ஓடிடுவான்" என்றார். பதினாறு வருடத்தில் அவர் கை செய்த ஒரே தவறு அது. அந்தச் சுவரை மட்டும் விருந்தாளிகளுக்கு அவர் அறிமுகப்படுத்துவதில்லை. அதற்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். மனைவியும் அதில் அம்புக்குறி ஒட்டியதில்லை.

எதிர்ப்பக்கம் டப்பா மூடிகள். உள்ளே இருக்கும் நிறத்தை விரலால் மூடியில் தொட்டு வைப்பது கடை வழக்கம். அந்த மூடிகளைக் கழுவி, ஆணி கூடாதென்பதால் பசைநாடாவால் வரிசை வரிசையாக ஒட்டியிருந்தார். அதற்குக் கீழே பழைய வண்ண அட்டைகளை மடித்துச் செய்த விளக்குக் கூடு. அவர் வீட்டில் கடவுள் படமும் இல்லை, கல்யாணப் படமும் இல்லை. "எங்க மூஞ்சியை நாங்களே பாத்து என்ன பண்ண" என்பார்.

குழாய் ஒழுகுகிறதென்று இவர்கள் சொல்லி இரண்டு மாதம் கழித்து வீட்டுக்காரர் வந்தார். குழாயைப் பார்க்கவில்லை. கூடத்தில் நின்றவர் நின்றவர்தான்.

"என்னய்யா, வீட்டை இப்படி ஆக்கி வெச்சிருக்கே!"

"காலிபண்றப்ப வெள்ளை அடிச்சுக் குடுத்துடுவேன் சார்."

"அட, நான் குறை சொல்லலப்பா. ராஜா வீடு மாதிரி இருக்கு." கைபேசியை எடுத்து நான்கைந்து படம் பிடித்தார். "அந்தம்மாவைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு." மனைவி ஈரக் கையோடு அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். எந்தப் பக்கம் தள்ளி நிற்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று முழுவதும் அவர் வேறு ஆளாக இருந்தார். முதல் தடவையாக ஒரு வீட்டுக்காரர் வாயால் நல்ல வார்த்தை. "பாத்தியா, ராஜா வீடாம்" என்று மூன்று முறை சொன்னார். "ராஜா இன்னும் குழாயைச் சரி பண்ணல" என்றாள் மனைவி.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்காரர் தொலைபேசியில் பேசினார். அவருடைய நண்பரின் மகளுக்கு இப்போதுதான் கல்யாணம் ஆகியிருக்கிறது. படத்தைக் காட்டினாராம். இருந்தால் இந்த வீட்டில்தான் இருப்பேன் என்று பிடிவாதமாம். ஒப்பந்தமும் அடுத்த மாதம் முடிகிறது. "தப்பா நினைக்காத. உனக்கென்ன, எங்க போனாலும் நீ ஜோரா அடிச்சுக்குவ. இதை மட்டும் அப்படியே விட்டுட்டுப் போ. வெள்ளையெல்லாம் வேணாம்."

அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பேசி முடித்துக் கைபேசியை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவிக்கு விஷயம் புரிய நேரமாகவில்லை.

"அசிங்கமா வெச்சிருந்தா இங்கேயே கெடந்திருப்போம்" என்றாள். "நல்லா வெச்சீங்க. அதான் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்றாங்க."

மறுநாள் கடையில் வாடிக்கையாளர் யாரையும் அவர் நக்கலடிக்கவில்லை என்பதால் முதலாளி காய்ச்சலா என்று கேட்டார்.

கடைசி வாரம் மூன்று நாள் விடுப்பு எடுத்தார். சாமான்களைக் கட்டி நடுக்கூடத்தில் குவித்துவிட்டு வெள்ளை டப்பாவைத் திறந்தார்.

"அவர்தான் வேணாம்னாரே" என்றாள் மனைவி.

"ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்கு?"

"அவர் வாயால சொன்னது?"

"வாயால சொன்னதெல்லாம் ராஜா வீடு."

பச்சை இரண்டு பூச்சில் போனது, காமாலையும் அப்படியே. பல் டாக்டரம்மா சுவர் மூன்று பூச்சுக்கும் அடங்கவில்லை. முதல் பூச்சு காய்ந்ததும் உள்ளிருந்து சிவந்துகொண்டு வந்தது. இரண்டாவதிலும் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. மூட்டைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மனைவி எழுந்துபோய்ப் பையிலிருந்து அம்புக்குறிகளை எடுத்துவந்தாள். வெள்ளையை மீறிச் சிவப்புத் தெரிந்த இடங்களிலெல்லாம் ஒவ்வொன்றாக ஒட்டினாள். "இங்க. இங்க. இதோ இங்கேயும்." அவர் அம்புக்குறி காட்டிய இடமெல்லாம் உருளையை ஓட்டினார். நான்காவது பூச்சில் சுவர் வெறும் சுவராயிற்று. அம்புக்குறிகளை உரித்தெடுத்த இடங்களையும் தொட்டுச் சரிசெய்தார். இவ்வளவு சுத்தமாக எந்த வீட்டுக்கும் அவர் வெள்ளை அடித்ததில்லை.

சாவியை வாங்க வந்த வீட்டுக்காரருக்கு முகத்தில் அடித்தாற்போல் ஆயிற்று. "ஏன்யா, படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"எழுத்துல இல்லையே சார்."

"வயித்தெரிச்சல்யா உனக்கு."

"ஆமா சார்" என்றார் அவர்.

புது வீடு கடைக்கு இன்னும் தூரம். தரைத்தளம், கூடத்தில் பகலிலும் விளக்குப் போட வேண்டும். ஒரு மாதமாகியும் அவர் தூரிகையைத் தொடவில்லை. மூடிகள் சாக்கிலேயே கிடந்தன. "ஏங்க, அந்தக் காமாலையையாவது அடிங்களேன்" என்று மனைவியே ஒருநாள் கேட்டாள். அவர் சாக்கைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

அந்த மாதக் கடைசியில் ஒரு முற்பகல் முதலாளி பின்கட்டுக்கு ஒரு பெண்ணை அனுப்பினார். கழுத்தில் புதுச் சங்கிலி, கையில் கைபேசி. "அண்ணா, நம்பரெல்லாம் தெரியாது. இந்தச் சுவர் கலர் வேணும். நாங்க வர்றதுக்குள்ள யாரோ வெள்ளை அடிச்சுக் கெடுத்துட்டாங்க."

படத்தைப் பார்த்தார். அவர் வீட்டுக் கூடம். ஓரத்தில் ஈரக் கையோடு அவர் மனைவி பாதி வெட்டுப்பட்டு நின்றிருந்தாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். மனைவியின் முகம் பெரிதாயிற்று.

"அவங்க முன்னாடி இருந்தவங்கண்ணா. அவங்களை விடுங்க, சுவரைப் பாருங்க."

"பாக்குறேன்மா" என்றார்.

அது இல்லாத நிறம், கடையின் வண்ணப் புத்தகத்தில் கிடையாது என்று சொல்லிவிடலாம். பொய்யும் ஆகாது. டப்பாவைத் திறந்தார். ஏதோ ஒரு சிவப்பை விட்டு அனுப்பிவிடலாம் என்றுதான் பிடியில் கை வைத்தார். ஆனால் கலக்கக் கலக்க அவருக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. அன்று குறித்துவைக்காத ஒவ்வொரு துளியும் எங்கே எப்போது விழுந்தது என்று கை தேடிப் பிடித்தது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்தப் பெண் இரண்டு பேரிடம் பேசி முடித்தாள். ஒரு தாளில் தொட்டு, பழைய பெயின்ட்டை உரிக்கும் சூடுக்காற்றுக் கருவியால் இளஞ்சூட்டில் காயவைத்து, சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அதேதான். வெயில் சாய்ந்தால் இது என்னவாகும் என்பதுவரை அவருக்குத் தெரிந்தது. தாளை அவளிடம் நீட்டியபோது அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது.

அவள் தாளைக் கைபேசிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "இது இல்லண்ணா. ரொம்பச் செவப்பா இருக்கு. படத்துல கொஞ்சம் மங்கலா, நல்லா இருக்கு பாருங்க."

"படத்துல அப்படித்தாம்மா விழும். சுவர் இப்படித்தான் இருக்கும்."

"நீங்க நேர்ல பாத்தீங்களாக்கும்?" சிரித்தாள். "எனக்குப் படத்துல இருக்கற மாதிரிதான் வேணும்."

கறுப்பு ஒரு துளி விட்டார். கலக்கித் தொட்டுக் காட்டினார். இன்னும் என்றாள். விட்டார். ஐந்தாவது துளியில் அது ஈரச் சிமெண்ட் நிறத்துக்கு வந்தபோது அவள் கையைத் தட்டினாள். "இதேதாண்ணா! கரெக்டா பிடிச்சுட்டீங்க. உங்க வீடெல்லாம் சூப்பரா அடிச்சு வெச்சிருப்பீங்க, இல்ல?"

"வாடகை வீடும்மா. வெள்ளைதான்."

மூடியை வைத்து ரப்பர்ச் சுத்தியால் சுற்றிலும் தட்டிக்கொடுத்தார். அவள் டப்பாவை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனாள். மேஜைமேல் முதலில் தொட்டு வைத்த தாள் கிடந்தது. எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. சூடுக்காற்றுக் கருவியை எடுத்து, சூட்டை முழுக்கக் கூட்டி அதன்மேல் பிடித்தார். தாளின் ஓரங்கள் சுருண்டன. நடுவில் இருந்த நிறம் உப்பி, பொரிந்து, பெயர்ந்து விழும்வரை கையை எடுக்கவில்லை.