ஹேமலதா அக்கா கூரை மாற்றிய கதை

எனக்குத் தொழில் இன்சூரன்ஸ். ஆரணியில் பாதி வீடுகளுக்குள் போய் உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறேன். யார் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு, மனிதர்களை அவரவர் பயத்தை வைத்தே ஞாபகம் வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. சிலருக்குச் சர்க்கரை பயம், சிலருக்கு மருமகன் பயம். எங்கள் பக்கத்து வீட்டு ஹேமலதா அக்காவுக்கு மேகம்.

அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது. பட்டு நெய்கிறவள். வீட்டின் பின்கட்டில், குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்து நெய்கிற குழித்தறி ஒன்று. காலையில் அவளும், மதியத்துக்கு மேல் அவள் வீட்டுக்காரர் கமலக்கண்ணனும் மாறி மாறி உட்காருவார்கள். பின்கட்டுக்குக் கூரை சிமெண்ட் ஷீட். அது விரிசல் விட்டு, விரிசலுக்குத் தார் பூசி, தாருக்கு மேல் பிளாஸ்டிக் தாள் போட்டு, தாளுக்கு மேல் செங்கல் வைத்து, இருபது வருஷத்தில் ஒரு சின்ன மலை ஆகிவிட்டது. என் மாடியிலிருந்து பார்த்தால் எனக்கே பயம் வரும்.

போன ஆடியில் அந்த மலை ஒழுகி, தறியில் இருந்த முகூர்த்தப் புடவை மேல் சொட்டியது. சிவப்புச் சாயம் மஞ்சள் கரைக்குள் ஊறிவிட்டது. தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலைக் கொடுக்கிற முதலாளி சத்தம் போடவில்லை. அமைதியாகத்தான் சொன்னார்: "ஹேமா, இதோட போவட்டும். இன்னொரு புடவைல தண்ணி பட்டுச்சின்னா, பாவு வேற வூட்டுக்குப் போயிடும்மா." பாவு வராத தறி வெறும் கட்டை. அந்த வீட்டில் அடுப்பு எரிவது அந்தத் தறியால்தான். அக்கா அன்றைக்கே கூரையை மாற்றுவது என்று முடிவு செய்தாள்.

முடிவு செய்தது தெரிந்ததும் தெருவே இன்ஜினீயர் ஆகிவிட்டது. தளம் போடு என்றார் ஒருவர். தளம் போட்டால் சென்ட்ரிங் முட்டுகள் இருபது நாள் அறைக்குள் நிற்கும். குழித்தறியைத் தூக்கி எங்கே வைப்பது? ஓடு போடு என்றார் இன்னொருவர். எங்கள் தெருக் குரங்குகளைப் பற்றி அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. சாதாரணத் தகரம் போட்டால் உச்சிவெயிலில் அறை தோசைக்கல்லாகிவிடும். பட்டு இழை காய்ந்து பொட்டுப் பொட்டென்று அறும். கடைசியில் அக்காவே கண்டுபிடித்தாள். புதிதாகக் கட்டிய ஒரு கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டில், இரண்டு தகரத்துக்கு நடுவே நுரை வைத்த ஷீட் போட்டிருந்தார்கள். பந்தியில் எல்லோரும் பாயசம் கேட்டுக்கொண்டிருக்க, இவள் உள்ளே போய் அண்ணாந்து நின்று, உச்சிவெயிலிலும் கூரையிலிருந்து சூடு இறங்கவில்லை என்று பார்த்துவிட்டு வந்தாள்.

கமலக்கண்ணன் அண்ணன் அதற்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கூரை அரக்கு, ஓரத்துப் பட்டை மயில் பச்சை. "கான்ட்ராஸ்ட் இல்லாம அது இன்னாம்மா கூரை?" என்று என்னையே கேட்டார். நெய்கிறவரிடம் என்ன பேசுவது!

பொருள் முடிவாயிற்று. ஆள்தான் பேஜார். அண்ணனுடைய சித்தப்பா மகன் பாலமுருகன் கூரை கான்ட்ராக்ட் எடுக்கிறவர். வெள்ளை வேட்டி, வாய் நிறைய வாக்குறுதி. சொந்தத்தில் ஆள் இருக்கும்போது வெளியே கொடுப்பதா என்று அண்ணன் இழுத்தார். அவருக்கு யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாது. அந்தக் குணத்துக்கு மட்டும் பாலிசி இருந்தால் நானே முதலில் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

"பாலமுருகன் போட்ட கூரை எப்படின்னு நாலு வூட்ல கேட்டேன் பானு. எல்லாரும் சூப்பர்னுதான் சொல்றாங்க" என்றாள் அக்கா.

"வெயில்ல கேட்டா அப்படித்தான்க்கா சொல்வாங்க. ஒழுகுதுன்னா அவங்களுக்குத்தானே வெட்கம்?"

அக்கா என்னை உற்றுப் பார்த்தாள். அந்தப் பார்வையின் பலனை ஆவணி மாசத்து ஒரு சாயங்காலம் அனுபவித்தேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் அக்கா, தலையில் பிளாஸ்டிக் கவர். "ஸ்கூட்டியை எடு. ஜல்தி. மழை வுடறதுக்குள்ள நாலு வூடு பாத்துடணும்."

பார்த்தோம். பாலமுருகன் கூரை போட்ட முதல் வீட்டில் டி.வி.க்குக் குடை பிடித்திருந்தார்கள். இரண்டாவது வீட்டம்மா கதவைப் பாதி திறந்து, "ஒரு சொட்டு ஒழுகாது" என்று சொல்லும்போதே பின்னால் பாத்திரத்தில் டங் டங் என்று கேட்டது. இன்னொரு ஆள் வேலை செய்த வீட்டில் எங்களையே ஒரு மூலையைப் பிடிக்கச் சொல்லிக் கட்டிலை நகர்த்தினார்கள். தொப்பலாக நனைந்து, எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்த நேரத்தில், சேத்துப்பட்டு ரோட்டில் ஒரு மாவு மில்லுக்குள் நுழைந்தோம். உள்ளே தரையில் திறந்த மாவு மூட்டைகள் வரிசையாக இருந்தன. ஒரு சொட்டு விழுந்தாலும் கட்டி பிடித்துவிடும். மில்காரர் மேலே பார்க்கவே இல்லை, மாவு சலித்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க போட்டது?" என்றாள் அக்கா, தலை துவட்டக்கூட நேரமில்லாமல்.

அன்பரசு என்றார். சேத்துப்பட்டுக்குப் பக்கத்துக் கிராமம். அவனும் அவன் பெண்டாட்டி கலையரசியும் சேர்ந்துதான் வேலை செய்வார்களாம்.

மறுநாளே இருவரும் வந்தார்கள். வந்ததும் டேப்பை எடுக்காமல், தறியைக் காட்டச் சொன்னான் அன்பரசு. அக்கா எந்தப் பக்கம் பார்த்து உட்காருகிறாள், பாவு எதுவரை நீள்கிறது, சாரல் எந்தத் திசையில் அடிக்கிறது என்றெல்லாம் கேட்டான். பிறகு தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டான்.

"தறிக்கு மேல ஒரே ஷீட்டா வர்ற மாதிரி போடறேங்க்கா. ஜாயிண்ட்டு அந்தாண்ட போயிடும். ஒழுவுனாலும் அங்கதான் ஒழுவணும். ஆனா ஒழுவாது."

அக்கா என் பக்கம் திரும்பிப் புருவத்தை மட்டும் உயர்த்தினாள். அவ்வளவுதான், வேலை அன்பரசுவுக்கு. சேதி கேட்ட பாலமுருகன் எங்கள் தெரு வழியாகப் போவதையே நிறுத்திவிட்டார்.

தறியில் ஓடிக்கொண்டிருந்த பாவு புதன்கிழமை முடியும். வியாழன், வெள்ளி தறி காலி. அந்த இரண்டு நாளில் கூரை மாற்றிவிட்டு, சனிக்கிழமை புதுப் பாவைப் பிணைத்துக்கொள்வது என்று திட்டம். பழைய பாவின் முனையோடு புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கி இணைக்கிற வேலை அது. அதற்கென்று இருக்கிறவர்கள் சீக்கிரம் கிடைக்கமாட்டார்கள்.

புதன்கிழமை அக்கா ஒரு வளைகாப்புக்குப் போளூர் போயிருந்தாள். இரவு திரும்பி வந்து பார்த்தால், தறியில் புதுப் பாவு ஜம்மென்று பிணைத்துக் கிடக்கிறது.

"பாவு பிணைக்கற அந்தம்மா தானா வந்துச்சி. இன்னிக்கு வேற வூட்ல கேன்சலாம். வந்த ஆளை எப்படிம்மா திருப்பி அனுப்பறது?" என்றார் அண்ணன்.

அக்கா கத்தியது என் மாடிக்குக் கேட்டது. "ஏங்க, கூரையைப் பிரிக்கறோம், கூரையை! அது கீழ பட்டைப் போட்டு வெச்சிருக்கீங்களே!" பிணைத்த பாவை அவிழ்க்க முடியாது. நாள் தள்ளிப் போட்டால் அன்பரசு அடுத்த வேலைக்குப் போய்விடுவான். ஐப்பசி மழை இந்தக் கூரையை விட்டுவைக்காது. அக்கா அன்று சாப்பிடவில்லை.

காலையில் அன்பரசு பார்த்தான். கொஞ்சநேரம் தலையைச் சொறிந்தான். "சரிக்கா. மொத்தமாப் பிரிக்க வேணாம். ஒரு ஷீட்டு எடுத்தா ஒண்ணு போட்டுட்டுத்தான் அடுத்ததை எடுப்பேன். நீங்க தறியை மூடி வைங்க." கலையரசி தறி மேல் நாலு பக்கமும் கயிறு கட்டித் தார்ப்பாய் விரித்தாள். வியாழன் முழுக்க அப்படியே நடந்தது. வெள்ளி மதியத்துக்குள் எல்லாம் போட்டாகி, தறிக்கு நேர் மேலே வரவேண்டிய ஷீட் மட்டும் பாக்கி.

பழையதை இறக்கிப் புதியதைத் தூக்கி வைத்தார்கள். ஸ்க்ரூ ஒன்றுகூட இறங்கவில்லை, காற்று கிளம்பியது. போளூர்ப் பக்கமிருந்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஷீட் ஒரு முனையில் தூக்கி அடிக்க ஆரம்பித்தது. அன்பரசு ஒரு முனையில் படுத்துக்கொண்டு அமுக்கினான். கலையரசி நடுவில் உட்கார்ந்து டிரில்லைப் பிடித்தாள். மறுமுனைக்கு ஆளில்லை. ஷீட் பிய்த்துக்கொண்டால் தார்ப்பாய் தாங்காது. பாவு மேலேயே விழும். அண்ணன் ஏணியில் இரண்டு படி ஏறி, கண்ணை மூடிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். அக்கா கீழே பாவு மேல் குனிந்து இரண்டு கையையும் விரித்து நின்றாள். கை விரித்தால் மழை நின்றுவிடுமா? அந்த நேரத்தில் அதையெல்லாம் யார் யோசிப்பார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நவுருங்கண்ணா!" என்று ஒரு குரல். பாலமுருகன். இந்த இரண்டு நாளாக மட்டும் எதிர் டீக்கடையில் வந்து உட்கார்ந்து, வேலை எப்போது கெடும் என்று பார்த்துக்கொண்டிருந்தவர். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறி, மறுமுனையில் குப்புறப் படுத்தார். "போடும்மா ஸ்க்ரூவை, போடு! இன்னாத்துக்கு என் மூஞ்சியப் பாத்துகினு கீற?" என்று கலையரசியை விரட்டினார். மழை மூன்று பேர் முதுகிலும் அடித்தது. ஸ்க்ரூ ஒவ்வொன்றாக இறங்கியது.

அரைமணி நேரம் கழித்து அக்கா தார்ப்பாயை விலக்கினாள். புறங்கையால் பாவை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடவிப் பார்த்தாள். வெளியே மழை கொட்டிக்கொண்டுதான் இருந்தது. பாவில் பொட்டு ஈரம் இல்லை. அப்படியே தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். அண்ணன் மட்டும் தலையை நீட்டி, மேலே பச்சைப் பட்டை நேராக வந்திருக்கிறதா என்று கேட்டார்.

நனைந்த மூன்று பேருக்கும் அக்கா சூடாக உப்புமா போட்டாள். பாலமுருகன் இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவும்போது அன்பரசுவை ஓரமாகக் கூப்பிட்டு, யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"ஞாயித்துக்கெழமை ஃப்ரீயா இருந்தா எங்க வூட்டுப் பக்கம் வந்துட்டுப் போ. நான் போட்டதுதான். சாமி ரூம்ல ஒழுவுது."