பத்தாவது பாட்டுக்குச் சம்மதம்

டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் அவளை எல்லோரும் பிரேக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கற்றுக்கொள்ள வந்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் இவள் கால் தன் பக்கம் இருக்கும் இன்னொரு பிரேக்குக்குப் போய்விடும், வாயில் நாட்டுப்பாட்டு மெட்டில் ஏதாவது ஓடும். எல்லாம் சொந்தச் சரக்கு. ரிவர்ஸில் போய்ச் சுவரை இடித்த பல் டாக்டரைக்கூட அவள் பாட்டில் விட்டுவைக்கவில்லை. நாற்பத்தாறு வயதில் முதல் ஆல்பம் வரப்போகிறது என்றால் சும்மாவா!

வெளியிடுவது பெரிய கம்பெனி ஒன்றும் இல்லை. சைக்கிள் கடை மாடியில் ஒற்றை அறை, சுவரெல்லாம் பழைய மெத்தை. கீழே கடைக்காரர் சாப்பிடப் போகும் ஒரு மணி நேரம்தான் பதிவு. கம்பெனியை நடத்துகிறவருக்கு ஒரு பிடிவாதம். பாட்டில் யார் வருகிறாரோ, அவர் முதலில் கேட்டுச் சரி சொல்ல வேண்டும்.

"ஒன்பது பேர் சரின்னுட்டாங்க. பல் டாக்டர் ரெண்டு தடவை கேட்டார்," என்றார். "பத்தாவது உங்க அக்கா. நாளைக்குள்ள சொல்லுங்க."

அங்கேதான் வந்தது வினை. நாலு வருஷமாக அக்காவோடு பேச்சுவார்த்தை இல்லை. இவள் மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மா இறந்துபோனாள். அக்கா சொல்லவே இல்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் இவளுக்குத் தெரிந்தது. அந்த ஆத்திரத்தில் பிறந்த பாட்டு, ஆல்பத்திலேயே அதுதான் உசத்தி. விடவும் மனசில்லை, அக்காவிடம் போய் நிற்கவும் மனசில்லை.

அன்று மாலை கணவர் கிட்டாருக்கு உறை தைத்துக்கொண்டிருந்தார். அவர் எதிரிலேயே அக்காவைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஒரு பாட்டு. கேட்டுட்டு வச்சுடு," என்று ஆரம்பித்தேவிட்டாள். 'அம்மா கண்ணை மூடின அன்னைக்கு அக்கா வாயை மூடிக்கிட்டா' என்ற அடியை இன்னும் சத்தமாகப் பாடினாள்.

முடிந்ததும் அக்கா பேசினாள்.

"நல்லாத்தான் பாடறே. ஆனா நான் அன்னைக்கே உன் நம்பருக்குப் போன் பண்ணேன்டி. ரெண்டு தடவை. உன் வீட்டுக்காரர்தான் எடுத்தார். பக்குவமா எடுத்துச் சொல்றேன்னார்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் கை தைப்பதை நிறுத்தியிருந்தது.

"உடம்பு தேறட்டும்னு பார்த்தேன். அப்புறம் உன் கோவத்தைப் பார்த்துப் பயந்துட்டேன்," என்றார்.

"நாலு வருஷமாவா?"

இந்தப் பாட்டுக்குத் தாளம் தட்டிக் கொடுத்ததே அந்த மனுஷன்தான்! அவளுக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. அதைவிட, அக்காவை நினைத்து வெட்கமாக இருந்தது.

"போட்டுக்கோ, எனக்கு ஒண்ணுமில்ல. வச்சுடறேன்," என்றாள் அக்கா.

"ஐயோ, வைக்காதேக்கா!" அவள் அழுதுவிட்டாள். "அம்மா கடைசியா என்ன பேசினாங்கன்னு எனக்கு இன்னும் தெரியாது."