பட்டாணி மூளைகளும் என் ஓரவஞ்சனையும்

ஐம்பத்து மூன்று வயதில், பட்டாணி அளவு மூளைத் துண்டுகளிடம் ஓரவஞ்சனை காட்டி, ஒரு பெண்ணின் மூன்று மாத உழைப்பைக் கெடுத்தவன் நான். பெற்ற பிள்ளைகளிடம் காட்டியிருந்தால் உலக வழக்கம் என்று விட்டிருப்பார்கள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி இருந்தாள், விவரமானவள், பிரிந்து போய்விட்டாள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு உருக்கும் ஆலைகளுக்கு நடுவே எங்கள் ஆய்வுக்கூடம். மனிதத் தோலின் செல்லிலிருந்து குட்டிக் குட்டி மூளைத் திசுக்களை வளர்த்து, மூளைக்காய்ச்சல் வைரஸ் நரம்பு செல்களை என்ன பாடு படுத்துகிறது என்று பார்ப்பார்கள். பார்ப்பவர்கள் படித்தவர்கள். நான் தீனி போடுபவன். ஒருநாள் விட்டு ஒருநாள் பழைய திரவத்தை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றவேண்டும். அதற்கு ஞாயிறு, பொங்கல் எதுவும் கிடையாது. விடுமுறை நாள் வேலையையெல்லாம் நானே கேட்டு வாங்கிக்கொண்டதில் தியாகி என்று பேர் வந்தது. வாசல் காவலாளிக்கு மட்டும் சந்தேகம்.

"இன்னா சார், ஞாயித்துக்கெழமகூட வந்துகினு கீறீங்க? ஊட்ல தண்ணி வர்லியா?"

"தண்ணி வருதுப்பா. வேற யாரும்தான் வர்றதில்ல."

நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்.

மீஞ்சூரில் என் வீட்டில் சனிக்கிழமை பேசிய பேச்சு திங்கட்கிழமை வரை தாங்கவேண்டும். ஆய்வுக்கூடத்திலோ, முகக்கவசத்துக்குள்ளிருந்து "என்ன, சாப்பிடலாமா?" என்று தட்டைப் பார்த்துக் கேட்கலாம். மூன்று மாதத்தில் இருபத்து நான்கு துண்டுகளும் அத்துப்படி. பாதி, வழவழவென்று உருண்டையாக, கண்ணாடிக் கோலி மாதிரி இருந்தன. மீதி, சின்னதாக, கரடுமுரடாக, முகம் கொடுத்துப் பேசாத ரகம்.

அந்த ஆராய்ச்சி ஒரு மாணவியுடையது. பொன்னேரிப் பெண், என் வயதில் பாதி. ஒருநாள் சொன்னாள்: "சார், சீட்டு குலுக்கிப் போட்டு ரெண்டு தட்டா பிரிச்சுடுங்க. ஒண்ணுக்கு வைரஸ் போடுவேன், இன்னொண்ணு சும்மா. பாத்துப் பாத்து எடுக்காதீங்க, ப்ளீஸ்."

சீட்டு எழுதினேன். குலுக்கவும் செய்தேன். முதல் சீட்டே ஓர் உருண்டையை வைரஸ் தட்டுக்கு அனுப்பச் சொன்னது. சீட்டுகளைக் குப்பையில் போட்டேன். உருண்டைகள் பன்னிரண்டும் சும்மா தட்டுக்குப் போயின. கரடுமுரடுகள் வைரஸுக்கு.

இரண்டு வாரம் கழித்துத் துள்ளிக்கொண்டு வந்தாள். "சார், வைரஸ் போட்டதெல்லாம் பாதி சைஸ்தான் இருக்கு! நாளைக்கு புரொஃபசர்கிட்ட காட்டப்போறேன்."

வைரஸ் போடும் முன்பே அவை பாதிதான். சொன்னால், ஆய்வுக்கூடத்துக்குள் என்னோடு பேசுகிற ஒரே ஆளும் பேச்சை நிறுத்திவிடுவாள். சொல்லாவிட்டால், ஒரு பொய்யைக் கையில் ஏந்தி அவள் புரொஃபசர் முன்னால் நிற்பாள். டீ ஆறும்வரை யோசித்துவிட்டுச் சொன்னேன்.

திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், போட்டாள், மறுபடி கழற்றினாள். "ஏன் சார்?" என்றாள். காரணம் இருந்தது, வெளியே சொல்லும்படியாக இல்லை.

நான்கு நாள் பேச்சில்லை. ஐந்தாம் நாள், இரண்டு தட்டுகளையும் அறுத்து நுண்ணோக்கியில் பார்த்து முடித்துவிட்டு, என் மேஜைக்கு வந்தாள்.

"சார், நீங்க காப்பாத்துனீங்களே உருண்டைங்க, அதுல முக்காவாசில நியூரானே இல்ல. வெறும் தண்ணிப் பை."