கலயம் கட்டிக் கொடுத்த சமாதானம்

தேயிலை எஸ்டேட்டில் வெல்பேர் ஆபீசராக இருந்தபோது குடும்பக் கட்டுப்பாட்டுக் கூட்டங்களில் மைக் பிடித்துப் பேசியவன் நான். அதே நான்தான், ஆபீஸ் வராந்தாவில் நான்காக இருந்த லவ் பேர்ட்ஸைக் கூண்டு கொள்ளாத கூட்டமாக்கினேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயன்படலாம் என்று எழுதி வைக்கிறேன்.

1. குடியேற்றம்

வண்டிப்பெரியாரில் இருந்த எங்கள் எஸ்டேட்டை விட்டு மாற்றலாகிப் போன மேனேஜர், கூண்டை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். இரண்டு ஆண், இரண்டு பெட்டை. உள்ளே தொங்கியதோ ஒரே ஒரு மண் கலயம். அதற்காகப் பெட்டைகள் இரண்டும் ஒன்றின் காலை ஒன்று கடித்துக்கொண்டிருந்தன.

எனக்கு இது புதிதல்ல. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் நடக்கும் சண்டையில் பாதி இடம் போதாமல் வருவது. குடும்பத்துக்கு ஒரு வீடு கொடுத்தால் அடங்கும். லயத்தில் கொடுக்க வீடு இருந்ததே இல்லை. கலயம் சந்தையில் கிடைத்தது. இன்னொன்று வாங்கிக் கட்டினேன். அன்றே சமாதானம். என் சர்வீசில் எந்தத் தகராறும் இவ்வளவு சீக்கிரம் தீர்ந்ததில்லை என்பதால் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

கலயங்களில் முட்டை வந்தது, குஞ்சு வந்தது. குஞ்சுகள் வளர்ந்து அவையும் சண்டை போட்டன. நானும் தளராமல் கலயம் கட்டினேன்.

எஸ்டேட் கிரெஷ்ஷில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா ஜெசிந்தா தினமும் தினை கொண்டுவந்து போடுவார். கிழட்டுப் பச்சைப் பெட்டை ஒன்று அவர் விரலில் மட்டும் வந்து உட்காரும். ஜெசிந்தாவுக்கு என்னிடமும் ஒரு காரியம் இருந்தது. மகனுக்குக் கல்யாணமாகி மருமகளும் வந்துவிட்டாள். எல்லோருக்கும் ஒரே அறை.

“சார், நம்ம வீட்டு விசயம்?”

“மேலே எழுதியிருக்கேன், ஜெசிந்தா. பரிசீலனையில இருக்கு.”

2. மிருகாசுபத்திரி

ஒரு நாள் காலையில் ஜெசிந்தா கத்திய கத்தலில் ஆபீசே எழுந்து ஓடி வந்தது. பச்சை, கூண்டின் தரையில் கிடந்தது. கால் விரல் கிழிந்து ரத்தம்.

“இது செத்துச்சின்னா இந்த வராந்தாவையே மிதிக்க மாட்டேன் சார், பாத்துக்கோங்க.”

ஜீப் பிடித்துப் போனோம். டாக்டரம்மா மலையாளி. காலுக்கு மருந்து வைத்துக்கொண்டே விசாரித்தார்.

“கூட்டில எத்தனை கலயம் உண்டு சாரே?”

சொன்னேன்.

“இதெல்லாம் ஆரு கெட்டினது?”

“நான்தான். சண்டை தீரட்டும்னு...”

“கலயம் கண்டாத்தான் அதுங்களுக்கு முட்டையிடத் தோணும். பெட்டைங்க அடிச்சுக்கிறதே அதுக்குத்தான். சார் சண்டைக்கு உரம் போட்டிருக்கீங்க!”

டாக்டரம்மா சொன்ன வைத்தியம் இது: உள்ளே இருக்கும் குஞ்சுகள் வெளிவந்ததும் எல்லாக் கலயத்தையும் கழற்ற வேண்டும். மூக்குக்கு மேல் நீலமாக இருந்தால் ஆண், பழுப்பாக இருந்தால் பெட்டை, தனித்தனிக் கூண்டு. தீனித் தட்டு நாலு இடத்தில். பச்சைக்குக் கால் ஆறும்வரை தனிக்குடித்தனம்.

அப்படியே செய்தேன். பச்சை பிழைத்தது. ஒரு விரல் மடங்கவில்லை. ஆனாலும் ஜெசிந்தாவின் கையில் ஏறிவிட்டது. முட்டை நின்றது, சண்டையும் ஓய்ந்தது.

கற்ற பாடம் இதுதான்: லயத்துச் சட்டம் கூண்டுக்குச் செல்லாது, அங்கே வீட்டைப் பிடுங்கினால்தான் அமைதி. இதை ஜெசிந்தாவிடம் சற்று விரிவாகவே விளக்கினேன். கழற்றிய கலயங்கள் என் நாற்காலிக்குப் பின்னால் வரிசையாகக் கிடந்தன. அவர் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சும்மாதான சார் கெடக்கு? அதுல ஒண்ண எம் மவன் பேருக்கு எழுதிக் குடுங்க. மருமவ ஒல்லிதான், அடங்கிருவா.”