பாய் கட்டாத கப்பல்கள்

என் தங்கை சுஹைரா மூதூரிலிருந்து தோப்பூர் கடந்து, வெருகல் பக்கத்துப் பாடசாலையொன்றுக்குப் பதினேழு ஆண்டுகளாகப் பேருந்தில் போய்ச் சித்திரப் பாடம் கற்பிக்கிறாள். எங்கள் குடும்ப ஏட்டில் அவளுக்கு இரண்டே வரிகள் இருந்தன: பிறந்த நாள், நியமனத் திகதி. சென்ற ஆண்டு நடந்ததையும் அதில் சேர்க்கிறேன். அவளிடமும் சின்னராசாவிடமும் தனித்தனியே கேட்டு, இருவர் சொன்னதும் ஒத்த இடங்களை மட்டுமே எழுதியிருக்கிறேன்.

சின்னராசா அவ்வூர் வேடர் குடும்பங்களைச் சேர்ந்தவர், மீன்பிடிப்பவர், தரம் ஒன்பதில் படிக்கும் விதுசாவின் தந்தை. தங்கள் கைவேலையைப் பள்ளியில் காட்ட அக்குடும்பங்கள் எளிதில் இசையவில்லை. முன்பு யாரோ வந்து படம் பிடித்துப் போய், அவர்களைக் காட்டுவாசிகள் என்று எழுதியிருந்தார்கள். சுஹைரா இரண்டு ஆண்டுகள் வீடு வீடாகப் போய்க் கேட்டாள். அதன் பிறகே புதன்கிழமைகளில் சின்னராசா வந்து, களப்பின் ஆழமில்லாத நீரில் மீன்மேல் கவிழ்த்துப் பிடிக்கும் கரப்புக் கூடையைக் கட்டக் காட்டினார்.

ஒருநாள் பேச்சுவாக்கில், தாங்கள் வணங்கும் கப்பல் தெய்வத்தின் சடங்குக்கு ஈர்க்கினால் சிறு கப்பல் கட்டும் முறையையும் சொன்னார். கல்வி வலயக் கண்காட்சி நெருங்கியது. அவர் கடலுக்குப் போயிருந்த இரு வாரங்களில், சுஹைரா சொல்லி, பிள்ளைகள் கண்காட்சிக்காக இருபத்துமூன்று கப்பல்களைக் கட்டினார்கள். கப்பலில் கட்டும் பாயும் சிவப்புத் துணியும் சடங்குக்குரியவை, அவற்றைத் தொடாமல் விடுவதே மரியாதை என்று சுஹைரா தானாகவே முடிவு செய்தாள்.

புதன்கிழமை சின்னராசா வகுப்பு வாசலில் நின்றார்.

"இருபத்திமூண்டு கப்பல்! துறைமுகத்திலயும் இவ்வளவு நிக்காது டீச்சர்."

"சாமிக்குரியது ஒண்டும் தொடேல்ல அண்ணன். பாய் கட்டேல்ல, துணி கட்டேல்ல."

"அதுதானே பிழை. கட்டத் தொடங்கினா முடிக்கோணும், முடிச்சுக் கடலுக்கு விடோணும். இது ஆளைக் கூப்பிட்டுப்போட்டுக் கதவைச் சாத்தின மாதிரி."

"நான் மரியாதைக்குத்தான்..."

"ஓம், உங்கட மரியாதை. எங்கட மரியாதை என்னெண்டு ஒருக்காக் கேட்டிருக்கலாமே?"

விதுசாவை அழைத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அக்குடும்பங்களின் ஒன்பது பிள்ளைகளும் சித்திர வகுப்புக்கு வரவில்லை. இரண்டு ஆண்டுகள் நடந்து பெற்ற சம்மதம் ஒரே நாளில் போயிற்று.

அதிபர் இராசதுரை கண்காட்சியையே நினைத்தார். "மேசைக்குப் பேர் எழுதியாச்சு டீச்சர். கப்பலைக் கொண்டுபோய் வையுங்கோ. அவையளைப் பிறகு சமாளிப்பம்."

"ஏலாது சேர்."

"அப்ப வெறும் மேசைக்கு முன்னால நீங்கள்தான் நிக்கோணும்."

"நிக்கிறன் சேர். பஸ்ஸில நாள் முழுக்க நிக்கிறனான்தானே."

வெள்ளிக்கிழமை கண்காட்சியில் அப்படியே நின்றாள். கரப்புகளைக்கூட வைக்கவில்லை, அந்தச் சம்மதமும் இப்போது தன்னிடம் இல்லை என்றாள். அன்று மாலை சின்னராசாவின் வீட்டுக்குப் போய், பிழை தன்னுடையது, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். பெரியவர்களிடம் கதைத்துவிட்டுச் சொல்வதாக அவர் சொன்னார்.

பதில் செவ்வாய்க்கிழமை வந்தது. கப்பல்களைத் தங்கள் பிள்ளைகளே அவிழ்ப்பார்கள். கட்டச் சொன்னவர் அந்த இடத்தில் இருக்கக்கூடாது.

புதன்கிழமை சுஹைரா தன் வகுப்புக்கு வெளியே கதிரை போட்டு உட்கார்ந்தாள். உள்ளே ஈர்க்குகள் உருவப்படும் சத்தம் கேட்டது. வெட்கமாக இருந்ததா என்று அண்ணனான நான் பிறகு கேட்டேன். "இல்ல நானா, களைப்பா இருந்தது. கண்ணயர்ந்திட்டன்," என்றாள்.

சின்னராசா ஈர்க்குக் கட்டோடு வெளியே வந்தபோதுதான் விழித்தாள்.

"முடிஞ்சுது. இதைக் கடலில விட்டிடுவம்."

"பிள்ளையள்?"

"வருவினம்." கட்டைத் தோளில் மாற்றிக்கொண்டார். "அடுத்த புதன் என்ன படிப்பிக்கிறியள்?"

"நீங்கள் சொல்லுங்கோ அண்ணன்."



"கரப்புத்தான். கப்பல் வேண்டாம்."

"சரி," என்று அவள் எழுந்து வகுப்புக்குள் போனாள்.