ஒரே ஒரு 'பரவாயில்லை'

"கணக்கு பரவாயில்லை. கையெழுத்து சுமார். நடத்தையில் குறை காணவில்லை." தைப்பூசத்துக்கு முந்திய வியாழக்கிழமைத் தேதியிட்டு நான் எழுதிய நற்சாட்சிக் கடிதத்தின் நகல் இது. அனுப்பும் கடிதங்களை ஒரு நோட்டில் படியெடுத்து வைப்பது என் வழக்கம். வருஷத்தின் மேல் மை பரவிவிட்டது; முப்பதுகளின் தொடக்கம் என்பது மட்டும் நிச்சயம்.

நான் அப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். கடிதம் ஒரு ரயில்வேத் தொழிலாளியின் மகளுக்காக. கிள்ளானில் ஓர் அம்மையார் நடத்திய ஆசிரியப் பயிற்சி வகுப்பில் ஒரே ஓர் இடம் காலியாயிருந்தது. அது கிடைக்காவிட்டால் பெண்ணுக்குக் கல்யாணம் என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள்.

அடுத்த வாரம் பதில் வந்தது: இவளைவிடக் கெட்டிக்காரப் பெண் இருந்தால் அனுப்பவும்.

அவள் தாயார் பள்ளி வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "மாடு விக்கிறவன்கூட மாட்டைப் பத்தி இதவிட நல்லா சொல்வான், வாத்தியாரே."

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அம்மா, சார்கிட்ட பரவாயில்லைன்னு வாங்குறதே பெரிசு. மத்தவங்கல்லாம் சுமார்தான்."

உண்மைதான். அதற்கு மேலான சொல்லை நான் யாருக்கும் எழுதியதில்லை. வேறு கடிதம் கேட்டார் தாயார். அளவை மாற்றினால் முன்பு போன பிள்ளைகளுக்கு அநியாயம் என்று மறுத்துவிட்டேன். பதிலாக, சனிக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு இருவரோடும் கிள்ளானுக்கு ரயிலேறினேன்.

அம்மையார் நோட்டை முதலிலிருந்து புரட்டினார். என் பழைய மாணவி ஒருத்தியின் கடிதத்தில் விரல் நின்றது. "கணக்கு சுமார்னு எழுதியிருக்கீங்களே, இந்தப் பொண்ணுதான் இப்ப எங்க கணக்கு டீச்சர்."

மேலும் புரட்டினார். கடைசிப் பக்கம்வரை 'பரவாயில்லை' ஒரே ஒரு தடவைதான், இவளுக்கு மட்டும், இருந்தது. பிறகு பெண்ணைக் கரும்பலகைக்கு அழைத்து குழாய் திறந்தால் தொட்டி எப்போது நிரம்பும் என்கிற மாதிரி ஒரு கணக்குக் கொடுத்தார். அவள் போட்ட வழி அம்மையார் சொல்லித்தரும் வழியைவிடச் சுருக்கமாக இருந்தது. அவர் இரண்டு தடவை சரிபார்த்தார். நாங்கள் கிளம்புமுன் அவள் பெயர் பட்டியலில் ஏறியிருந்தது.

திரும்பும்போது ரயில் பத்து தீகா நிலையத்தில் நின்றது. தாயார் என் பக்கம் திரும்பி, "நீங்களும் பரவாயில்லை, வாத்தியாரே" என்றார். எனக்குக் கிடைத்த நற்சாட்சிகளில் இதற்கு ஈடு இல்லை. அன்றைய தேதியிலேயே குறித்து வைத்தேன்.

என் நோட்டுதான் இடம் வாங்கித் தந்தது என்று பல வருஷம் சொல்லிவந்தேன். கணக்குதான் என்கிறாள், இன்று ஆசிரியையாக இருக்கும் அவள். அம்மையார் அவள் பெயரைப் பட்டியலில் எழுதியது அந்தக் கணக்குக்கு முன்பா, பின்பா? நான் பார்க்கவில்லை. பட்டியலும் என் கைக்கு வரவில்லை. இது இன்னும் உறுதியாகவில்லை.